பின் அச்சு கியர் விகிதம்: சென்னையின் பழைய அமெரிக்கக் கார்கள்

பின் சக்கரம் ஒருமுறை சுழல புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதைக் குறிக்கும் எண். டிஃபரன்ஷியலில் உள்ள கிரௌன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் இது கிடைக்கும். எண் கூடினால் இழுவிசை கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகமாகச் சுழல வேண்டியிருக்கும்.

ஃபோர்டு மாடல் டி காரில் 40, 11 பற்கள், விகிதம் 3.64. மாடல் ஏ காரில் (1927–31) வழக்கமானது 34, 9 பற்கள் கொண்ட 3.78. 37, 9 பற்கள் கொண்ட 4.11 விகிதமும் உண்டு. 30 அங்குல விட்டமுள்ள சக்கரத்தோடு மணிக்கு 60 கி.மீ. ஓட, 3.78 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,580 முறையும், 4.11 விகிதத்தில் 1,720 முறையும் சுழலும்.

ஃபோர்டு நிறுவனம் 1926இல் இந்தியாவில் துணை நிறுவனம் தொடங்கியது. சென்னையிலும் கார்கள் பாகங்களைப் பொருத்தி உருவாக்கப்பட்டன. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு சாலைகள் சமதளமானவை. ஆனாலும் நின்று நின்று நகரும் இன்றைய நெரிசலில் 4.11 உதவும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் நெடும்பயணத்துக்கு 3.78 ஏற்றது. ஏற்காடு, உதகை மலைப்பாதைகளில் கூடுதல் விகிதமே கைகொடுக்கும்.

மாடல் ஏ காரில் ஷாஃப்ட் குழாய்க்குள் மறைந்திருக்கும். எனவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றி, எஞ்சின் புல்லியின் சுற்றுகளை எண்ண வேண்டும், அதுவே விகிதம்.

கிரௌன் வீலும் பினியனும் இணையாகவே மாற்றப்பட வேண்டும். பழுதானது ஒன்றே ஆனாலும், தனியாக மாற்றினால் இரைச்சலும் விரைந்த தேய்மானமும் வரும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் தேடுவோர் பற்களை எண்ணிய பிறகே வாங்குவது நல்லது.