லாசரஸ்: ஊர் கூடிக் கட்டிய சட்டகம்

ஆசிரியர்களே, மாணவர்களே, முதல்ல ஒரு கேள்வி. பத்து வருஷமா ஒரு மென்பொருளை எழுதி வளர்த்திருக்கிறீர்கள். அதை எழுதப் பயன்படுத்திய கருவியை விற்ற நிறுவனம், இனிமேல் இதற்குப் புதிய பதிப்பு வராது என்று சொல்லிவிடுகிறது. அப்போ உங்கள் உழைப்பு என்ன ஆகும்? பாஸ்கல் மொழியில் எழுதியவர்களுக்கு இது நிஜமாகவே நடந்தது.

பாஸ்கல் 1970-இல் பிறந்த மொழி. சூரிக்கில் பேராசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த், மாணவர்கள் ஒழுங்காக நிரல் எழுதப் பழக வேண்டும் என்றே இதை வடிவமைத்தார். 1983-இல் போர்லாந்து நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 அமெரிக்க டாலருக்கு விற்றது. மற்ற கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற காலம் அது. பள்ளி, கல்லூரி எங்கும் அது பரவியதில் ஆச்சரியமே இல்லை.

பிறகு விண்டோஸ் வந்தது. டாஸ் கணினிகளுக்கான போர்லாந்து பாஸ்கல் 7-ஆம் பதிப்போடு நின்றுபோனது. இதைக் கண்ட ஃப்ளோரியன் க்ளெம்ப்ஃபல் என்ற ஜெர்மானிய மாணவர், 1993-இல் தாமே ஒரு கம்பைலர் எழுத உட்கார்ந்துவிட்டார். இதில் ஒரு வேடிக்கை பாருங்க: அதை அவர் எழுதியதும் பாஸ்கலில்தான். கொஞ்ச காலத்தில் அந்தக் கம்பைலர் தன்னைத்தானே தொகுத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. அதுதான் இன்றைய ஃப்ரீ பாஸ்கல்.

ஆனால் கம்பைலர் மட்டும் இருந்தால் போதுமா? 1995-இல் போர்லாந்து வெளியிட்ட டெல்ஃபியில், திரையில் ஒரு படிவத்தை வைத்து, பொத்தானை இழுத்துப் போட்டு, அதன் பின்னால் நாலு வரி எழுதினால் செயலி தயார். அந்தச் சுகத்தைப் பார்த்தவர்கள் வெறும் கம்பைலரோடு எப்படி இருப்பார்கள்? டெல்ஃபி மாதிரியே ஒன்றை இலவசமாகக் கட்ட 'மெகிடோ' என்ற முயற்சி தொடங்கியது, முடியாமல் படுத்துவிட்டது.

1999-இல் க்ளிஃப் பேஸ்மன், ஷேன் மில்லர், மைக்கேல் ஹெஸ் ஆகிய மூவர் மறுபடியும் தொடங்கினார்கள். செத்துப்போன முயற்சியிலிருந்து எழுந்ததால், விவிலியத்தில் இறந்து உயிர்த்தவரின் பெயரையே வைத்தார்கள்: லாசரஸ்.

இனி வருவதுதான் கவனிக்க வேண்டிய இடம். டெல்ஃபியின் நூலகத்தை அப்படியே நகலெடுக்கச் சட்டம் இடம் தராது. அதனால் பெயர்களையும் பயன்படுத்தும் முறையையும் ஒத்த மாதிரி வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதைப் புதிதாக எழுதினார்கள். அதோடு ஒரு படி மேலே போனார்கள். நீங்கள் 'பொத்தான்' என்று ஒரு தடவை எழுதினால், விண்டோஸில் அது விண்டோஸின் சொந்தப் பொத்தானாகவும், லினக்ஸில் லினக்ஸ் பொத்தானாகவும், மேக்கில் மேக் பொத்தானாகவும் வரும். இடையில் ஒரு மெல்லிய அடுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கிறது. மாணவர்கள் இதை ஜாவாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஜாவாவில் தொகுத்த கோப்பே எல்லாக் கணினியிலும் ஓடும், ஆனால் மெய்நிகர் இயந்திரம் தேவை. லாசரஸில் மூல நிரல் ஒன்றுதான். ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனியாகத் தொகுக்க வேண்டும்.

இதற்கிடையே போர்லாந்தும் சும்மா இருக்கவில்லை. லினக்ஸுக்காக 2001-இல் கைலிக்ஸை வெளியிட்டது. மறு ஆண்டு வந்த மூன்றாம் பதிப்போடு அதுவும் நின்றது. நம்பி வாங்கியவர்களுக்கு இரண்டாவது அடி. சம்பளமில்லாமல் எழுதிய கூட்டமோ நிற்கவில்லை. லாசரஸ் 1.0 வெளிவந்தது 2012-இல், அதாவது தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து! அவ்வளவு காலம் 'இன்னும் முழுமையாகவில்லை' என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டே வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்ததே இதுதான்.

உரிமத்தையும் யோசித்தே அமைத்தார்கள். நூலகத்தையே மாற்றி வெளியிட்டால் அந்த மாற்றத்தைப் பகிர வேண்டும். ஆனால் அதை வைத்து எழுதிய உங்கள் செயலியை மூல நிரல் தராமலேயே விற்கலாம். பீசிப், டபுள் கமாண்டர் போன்ற செயலிகள் லாசரஸில் உருவானவையே.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு வேலை: லாசரஸை இறக்கி, ஒரு படிவத்தில் ஒரு பொத்தானும் 'வணக்கம்' என்ற சொல்லும் வையுங்கள். விண்டோஸில் ஒரு தடவை, லினக்ஸில் ஒரு தடவை தொகுத்து, இரண்டு பொத்தான்களின் தோற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஏன் வேறுபடுகிறது என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்.