நகை கழற்றும் நீராட்டு



ஜூஜுவாடியில் கல்யாணம் வைத்த வீட்டில் நகைக்கு அடுத்த கவலை தண்ணீர்தான். டேங்கர் எத்தனை லோடு வேண்டும் என்று பேசி முடித்த பிறகே பந்தல் வேலை. இன்று இன்னொரு கல்யாணத் தண்ணீரைப் பற்றிச் சிந்திப்போம்.

யூத மக்களிடையே மணப்பெண் திருமணத்துக்குச் சற்று முன்பு ‘மிக்வே’ என்னும் தொட்டியில் இறங்கி, தலைமுடியும் வெளியே தெரியாதபடி மூழ்கி எழுவாள். அதில் குறைந்தது 40 சேயா நீர் இருக்க வேண்டும். சேயா என்பது பழைய யூத அளவு. ஒருவர் முழுமையாக மூழ்க 40 சேயா போதும். அந்த நீர் குடத்தில் மொண்டு ஊற்றியதாக இருக்கக்கூடாது. மழையாகவோ ஊற்றாகவோ தானே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இது ஏதோ தொலைதூரத்துக் கதையல்ல. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்திலேயே கல்யாணப் பாட்டுகள் பாடினார்கள். அவற்றை நோட்டுகளில் எழுதிப் பாதுகாத்தார்கள். அவர்கள் வீட்டு மணப்பெண்ணும் தாலி அணிந்தாள். பாட்டின் மொழியும் தாலியும் இந்த மண்ணிலிருந்து வந்தவை. நீராட்டோ முன்னோரிடமிருந்து வந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் நமக்கு இது எளிதில் புரியும். 1950-களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

இந்த நீராட்டு உடல் அழுக்கைப் போக்குவதற்கு அல்ல. பெண் முதலில் நன்றாகக் குளித்து, தலைவாரிச் சிக்கெடுத்து, நகம் வெட்டிவிட்டுத்தான் மிக்வேக்கு வருவாள். பிறகு வளையல், கம்மல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுவாள். தண்ணீருக்கும் உடலுக்கும் நடுவே ஒரு நூலிழைகூட இருக்கலாகாது. பணக்கார வீட்டுப் பெண்ணும் ஏழை வீட்டுப் பெண்ணும் அந்தப் படிகளில் ஒன்றுபோலவே இறங்குவார்கள்.

நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். நமக்குத் திருமணத் தயாரிப்பு என்றால் பூட்டுவதுதான். எத்தனை பவுன், எந்த மண்டபம், எந்தப் பட்டு என்றே பேச்சு. அதற்காகத் தகப்பன் வட்டிக்கு வாங்குகிறான். அங்கோ தயாரிப்பு என்பது கழற்றுவது.

புனித பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து தம் திருச்சபையை நீரினால் கழுவித் தூய்மையாக்கியதாகச் சொல்கிறார். கணவர்கள் மனைவியரிடம் எப்படி அன்பு செலுத்த வேண்டும் என்று கூறும் இடத்தில்தான் அதைச் சொல்கிறார். யூதராகப் பிறந்து வளர்ந்தவருக்கு மணமகளின் நீராட்டு நினைவில் இருந்திருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

கோயிலில் ஓலை வாசிக்கக் காத்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் எதைக் கழற்றப் போகிறீர்கள்? சொல்லாமல் மறைத்த கடனா, நோயா, கூட்டிச் சொன்ன சம்பளமா? உங்கள் இருவருக்கும் நடுவே நிற்பது எதுவானாலும், பீடத்துக்கு வருமுன் அதைப் பேசித் தீர்த்துவிடுங்கள்; நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். பெற்றோரே, பவுன் கணக்கைக் குறைத்து அவர்களுக்கு உதவுங்கள்.

திருமுழுக்கின் தண்ணீரில் நம்மைக் கழுவிய ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.