கோலூன்றிப் பாய்தல்: வளரும் வீரருக்கான நுட்பம்

கோலூன்றிப் பாய்தல் என்பது நீண்ட கோலுடன் ஓடிவந்து, அதன் முனையைத் தரையில் பதித்த பெட்டியில் ஊன்றி, கோலின் துணையால் எழும்பி, உயரே வைத்த குறுக்குக் கம்பியைக் கடக்கும் தடகளப் போட்டியாகும். தமிழ்நாட்டு மைதானங்களில் இதைப் பெரும்பாலும் ‘போல் வால்ட்’ என்பார்கள். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1896 ஏதென்ஸிலும் பெண்களுக்கு 2000 சிட்னியிலும் இப்போட்டி தொடங்கியது. இந்தியாவில் பெண்கள் பிரிவில் தமிழ்நாடு நெடுங்காலமாக முன்னிலையில் உள்ளது.

களமும் விதிகளும்

ஓடுபாதை குறைந்தது 40 மீட்டர் நீளமும் 1.22 மீட்டர் அகலமும் உடையது. அதன் முடிவில் உள்ள ஊன்றுபெட்டி 1 மீட்டர் நீளம். முன்பக்கம் அகன்றும் பின்பக்கம் குறுகியும், உள்நோக்கிச் சரிந்து 20 செ.மீ. ஆழத்தில் முடியும். கோல் எந்தப் பொருளாலும், எந்த நீளத்திலும் இருக்கலாம். குறுக்குக் கம்பியைப் பெட்டியின் பின்விளிம்பிலிருந்து மெத்தைப் பக்கமாக 80 செ.மீ. வரை நகர்த்தி வைத்துக்கொள்ள வீரருக்கு உரிமை உண்டு. தரையை விட்டு எழுந்தபின் கீழ்க்கையை மேல்கைக்கு மேலே கொண்டுபோவதும், மேல்கையைக் கோலில் இன்னும் மேலே ஏற்றுவதும் தவறு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் ஆட்டம் முடிந்தது.

கோலின் வரலாறு

தொடக்கத்தில் கனமான மரக்கோல்களும் பின்னர் மூங்கிலும் பயன்பட்டன. அமெரிக்கரான கார்னிலியஸ் வார்மர்டாம் மூங்கில் கோலுடன் 1942-இல் 4.77 மீட்டர் பாய்ந்தார். அச்சாதனை 15 ஆண்டுகள் நின்றது. உலோகக் கோல்களை அடுத்து 1960-களில் கண்ணாடி இழைக் கோல் பரவியதும் உலகச் சாதனை விரைந்து ஏறியது. 1985-இல் பாரிஸில் செர்கேய் புப்கா முதன்முதலாக 6 மீட்டரைத் தாண்டினார். 2009-இல் யெலேனா இசின்பயேவா 5.06 மீட்டரும், 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில் சுவீடனின் அர்மாண்ட் டுப்ளான்டிஸ் 6.30 மீட்டரும் பாய்ந்தனர்.

உயரம் எங்கிருந்து வருகிறது

வளையும் கோலைப் பார்ப்பவருக்கு, அதுவே வில்லைப் போல வீரரை மேலே எறிவதாகத் தோன்றும். உண்மையில் கோல் வாங்கியதைத் திருப்பித் தருகிறது, கொடுப்பது ஓட்டம். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவரின் இயக்க ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால், உடலின் எடை மையம் ஏறத்தாழ 3.26 மீட்டர் ஏறும். வேகம் 8.5 ஆனால் அது 3.68 மீட்டர். வேகம் வினாடிக்கு அரை மீட்டர் கூடினால் கணக்களவில் 42 செ.மீ. லாபம். நிற்கும்போதே எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதும், கோலின் உச்சியில் கைகளால் தள்ளுவதும் இத்துடன் சேரும். மாறாக, ஊன்றும் நொடியில் ஏற்படும் அதிர்ச்சி ஆற்றலைத் தின்றுவிடும். ஆகவே வளரும் வீரரின் முதல் வேலை கம்பியருகே இல்லை. ஓடுபாதையிலும் ஊன்றுபெட்டியின் வாயிலிலும் இருக்கிறது.

நுட்பத்தின் படிகள்

இங்குள்ள விளக்கம் வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு. இடக்கையர் திருப்பிக்கொள்ள வேண்டும்.

பிடியும் ஓட்டமும்: வலக்கை மேலே, இடக்கை கீழே, இரண்டுக்கும் இடையில் தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி. ஓட்டத் தொடக்கத்தில் கோலின் முனை உயர்ந்து நிற்கும். வேகம் ஏற ஏற அது சீராகத் தாழும். முனையைத் தொடக்கத்திலேயே தாழ்த்தினால் கோலின் பாரம் முன்னால் இழுக்கும், ஓடுபவர் முதுகை வளைத்துப் போராடுவார். இடுப்பு உயர்ந்து, முழங்கால் ஏறி, கடைசி அடிகள் சுருங்கி விரைய வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திலும் அடிகளின் எண்ணிக்கை மாறக்கூடாது. இடக்கால் விழுவதை மட்டும் எண்ணிப் பழகுவது எளிது.

ஊன்றல்: கடைசி மூன்று அடிகளில் வலக்கை இடுப்பிலிருந்து காதருகே வந்து, தலைக்கு மேல் முழுதாக நீள்கிறது. இடக்கால் கடைசியாகத் தரையைத் தொடும்போது கைகள் உயர்ந்து முடிந்திருக்க வேண்டும். இளம் வீரர்களின் ஊன்றல் பெரும்பாலும் தாமதமாகவே வரும்.

எழும்பல்: எழும்பும் கால் மேல்கைக்கு நேர்கீழே, அல்லது ஒரு பொட்டுப் பின்னால் விழ வேண்டும். புப்காவின் பயிற்சியாளர் வித்தாலி பெத்ரோவின் முறை, கோல் பெட்டியின் பின்சுவரில் முட்டும் அந்தக் கணத்துக்குச் சற்று முன்பே வீரர் தரையை விட்டுவிட வேண்டும் என்பது. கால் மேல்கையைத் தாண்டி முன்னே விழுந்தால் கோல் தோளைப் பின்னுக்கு இழுக்கும், வேகம் அங்கேயே சாகும், முதுகுக்கும் கேடு.

வீச்சும் தலைகீழ் நிலையும்: வலமுழங்கால் முன்னேற, எழும்பிய இடக்கால் நீண்டபடியே பின்னாலிருந்து ஊசல்போல் வீசி வரும். இக்காலை முன்கூட்டியே மடக்கினால் வீச்சின் வலு போய்விடும். பிறகு தோள் கீழேயும் இடுப்பு மேலேயும் சென்று, உடல் கோலை ஒட்டித் தலைகீழாகிறது. கோல் நிமிரும் திசையிலேயே உடல் நீண்டு, திரும்பி, கைகள் தள்ளி, வயிறு கம்பியைப் பார்த்தபடி கடக்கிறது.

பயிற்சியின் வரிசை

முதலில் நடந்தபடி ஊன்றிப் பழகுதல். அடுத்து, நீளம் தாண்டும் மணற்குழியில் வளையாத கோலை ஊன்றித் தொங்கிச் சென்று இறங்குதல். பிறகு மெத்தையில் நான்கு, ஆறு அடி ஓட்டம். இங்கே ஊன்றலும் எழும்பலும் நிலைத்தபின்னரே எட்டு, பத்து, பன்னிரண்டு என அடிகள் கூட வேண்டும். முழு ஓட்டத்தில் தெரியும் பிழையைக் குறு ஓட்டத்தில்தான் திருத்த முடியும். ஒரு பயிற்சிப் பொழுதுக்கு ஒரு திருத்தம் போதும்.

பிடியின் உயரத்தை மெத்தையைப் பார்த்து முடிவு செய்யலாம். வீரர் வேகத்தோடு மெத்தையின் நடுவில் இறங்கினால் கையை ஒரு பிடி மேலே வைக்கலாம். கோல் நிமிராமல் தயங்கினால் ஒரு பிடி இறக்க வேண்டும். கோல் முனையிலிருந்து 4 மீட்டரில் பிடிப்பவரின் கை, பெட்டியின் 20 செ.மீ. ஆழம் போக, தரையிலிருந்து 3.80 மீட்டரிலேயே இருக்கும். அவர் 4.20 கடந்தால் பிடிக்கு மேல் 40 செ.மீ. ஏறியிருக்கிறார். இந்த இடைவெளி வீச்சின் தரத்தைக் காட்டும் அளவுகோல்.

கோல் தேர்வு

ஒவ்வொரு கோலிலும் நீளமும் அது தாங்கும் உடல் எடையும் குறிக்கப்பட்டிருக்கும். தன் எடையைவிடக் குறைவாகக் குறித்த கோலில் பாயக்கூடாது, முறிந்துவிடலாம். வளைவெண் என்பது குறிப்பிட்ட எடையைக் கோலின் நடுவில் தொங்கவிடும்போது அது எவ்வளவு தாழ்கிறது என்பதன் அளவு. எண் குறைந்தால் கோல் விறைப்பு அதிகம். கைகளால் அழுத்திக் கோலை வளைக்க முயல்வது தொடக்கநிலையில் பரவலான தவறு. சரியாக எழும்பினால் அது தானே வளையும்.

பொதுப் பிழைகள்

கோல் நிமிராமல் பின்வாங்குதல்: பிடி மிக உயரம், அல்லது கோல் மிக விறைப்பு, அல்லது கால் முன்னே விழுகிறது. முதலில் பிடியை இறக்கிப் பார்க்க வேண்டும்.

ஏறும்போதே கம்பியில் மோதுதல்: கம்பி மிக அருகில் உள்ளது, அல்லது எழும்பல் தாமதம். கம்பியைப் பின்தள்ளி, ஓட்டத்தின் தொடக்கக் குறியைச் சரிபார்க்க வேண்டும்.

பக்கவாட்டில் விலகுதல்: ஊன்றும்போது வலக்கை தலைக்கு நேர்மேலே இல்லாமல் வெளியே போகிறது.

இறங்கும்போது கம்பியைத் தட்டுதல்: உடல் நீளுமுன் தலை பின்னால் விழுகிறது, அல்லது கைகள் முந்தித் தள்ளுகின்றன.

பாதுகாப்பு

பெட்டியைச் சுற்றிலும் இடைவெளியின்றி மெத்தை இருக்க வேண்டும். ஈரக் கோல், கீறல் விழுந்த கோல், பயிற்சியாளர் இல்லாத மைதானம் மூன்றும் ஆகாது. நிமிராத கோல் பின்னே சாயும்போது அதைக் கைவிடாமல் கால்களால் ஓடுபாதையில் இறங்கவும் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுச் சூழல்

வீரர் வளர வளர விறைப்பும் நீளமும் கூடிய கோல்கள் வரிசையாகத் தேவைப்படுவதால் இது செலவு மிக்க விளையாட்டு. பேருந்திலும் ரயிலிலும் கோல்களைக் கொண்டுசெல்வதே ஒரு பாடு. ஆனால் திருவண்ணாமலை போன்ற ஊரில் வளரும் மாணவருக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு மெத்தை கட்டாயமில்லை. விரைவோட்டம், கோலேந்திய ஓட்டம், மணற்குழி ஊன்றல், கயிறேற்றம், கைகளில் நிற்றல் ஆகியவை எந்தப் பள்ளி மைதானத்திலும் நடக்கும். அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் செழித்த, கம்பத்தில் செய்யும் உடற்பயிற்சியான மல்லர் கம்பமும், குறிப்பாக அதன் கயிற்று வகையும், தலைகீழாகத் தாங்கும் தோள்வலுவையும் அச்சமின்மையையும் தருவதால் இதற்கு நல்ல துணை.

இத்தகைய உடற்பயிற்சி துணைநிற்கும் என்பதற்கு, ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்த தமிழ்நாட்டின் ரோஸி மீனா பால்ராஜ் சான்று. வி. எஸ். சுரேகா 2014-இல் பாய்ந்த 4.15 மீட்டர் தேசியச் சாதனையை, 2022 குஜராத் தேசிய விளையாட்டில் அவர் 4.20 ஆக்கினார். அப்போட்டியில் வெள்ளியும் வெண்கலமும் பவித்ரா வெங்கடேஷ், பரணிகா இளங்கோவன் எனத் தமிழ்நாட்டுக்கே வந்தன. அதே மாதம் பெங்களூரில் ரோஸி 4.21 பாய்ந்தார். பவித்ரா 2023-இல் அஸ்தானாவில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் 4.00 மீட்டருடன் வெள்ளி வென்றார். ஆண்களில் சுப்ரமணி சிவா அதே குஜராத் போட்டியில் 5.31 பாய்ந்து தன் பழைய தேசியச் சாதனையை ஒரு செ.மீ. உயர்த்தினார், 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் தேவ் மீனா அதை 5.40 வரை கொண்டுசென்றார். இலங்கையில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் அந்நாட்டுப் பெண்கள் சாதனையைப் பலமுறை புதுப்பித்தவர்.

சுரேகாவின் 4.15-இலிருந்து ரோஸியின் 4.21-க்கு எட்டு ஆண்டுகளில் ஏறியது 6 செ.மீ. முன்பு பார்த்த ஆற்றல் கணக்குப்படி, வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு 6 செ.மீ. என்பது ஓட்ட வேகத்தில் வினாடிக்குப் பத்தில் ஒரு பங்கு மீட்டருக்கும் குறைவான வேறுபாடு.