ஹெச்டிபார்ம்: ஒரு கட்டளைப் பெயரின் கதை

1991 செப்டம்பரில் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01 பதிப்பின் மூலநிரலில் ஒரு சிறு வரி உண்டு: 5, 17, 980, 300, 980, 0. அது அவருடைய சொந்தக் கணினியில் இருந்த ஹார்ட் டிஸ்க்கின் அங்க அடையாளம். படித்து எழுதும் முனைகள் 5, ஒரு தடத்துக்கு 17 துண்டுகள், 980 உருளைகள். துண்டு ஒன்றுக்கு 512 பைட் என்று பெருக்கினால் 4,26,49,600 பைட் வரும். அந்நாளில் 40 எம்பி டிஸ்க் என்று விற்றது இதுதான். இரண்டாவது 980, மின்சாரம் போகும்போது முனைகள் இறங்கி ஓய்வெடுக்கும் உருளையின் எண். வேறு டிஸ்க் வைத்திருப்பவர் இந்த எண்களை மாற்றி எழுதி, கெர்னலை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும்.

இந்த எண்களைத்தான் கணினிக்காரர்கள் பாராமீட்டர் என்றார்கள். பின்னாளில் லினக்ஸில் டிஸ்க்கின் அமைப்புகளைக் கட்டளை வரியிலிருந்தே மாற்ற ஒரு கருவி வந்தபோது, அதற்கு அமைந்த பெயர் ஹெச்டிபார்ம். ஹார்ட் டிஸ்க்குக்கு ‘ஹெச்டி’, பாராமீட்டருக்கு ‘பார்ம்’. ஆங்கிலத்தில் ஆறே எழுத்துதான். ஆனால் அதன் இரண்டு பாதிகளுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

முதல் பாதியிலிருந்து தொடங்கலாம். 1956 செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு உலகின் முதல் டிஸ்க் சேமிப்பகத்தை அறிமுகப்படுத்தியது. கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் உருவானது அது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 சுற்று வேகத்தில் சுழன்றன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அதை யாரும் ‘ஹார்ட்’ என்று அழைக்கவில்லை. டிஸ்க் என்றாலே விறைப்பான உலோகத் தட்டுதான் என்னும்போது அடைமொழிக்கு என்ன தேவை? 1971இல் அதே ஐபிஎம் வளையும் பிளாஸ்டிக்கில் 8 அங்குல ஃபிளாப்பியைக் கொண்டுவந்தது. இளையது பிறந்த பிறகுதான் மூத்ததற்கு ‘கெட்டி’ என்ற அடைமொழி ஒட்டியது.

ஐபிஎம் மட்டும் வெகுகாலம் வேறு பெயரையே பிடித்துக்கொண்டிருந்தது: ஃபிக்ஸ்டு டிஸ்க். ஃபிளாப்பியைக் கழற்றி எடுக்கலாம், இதை எடுக்க முடியாது என்பது அந்தப் பெயரின் கருத்து. 1983இல் 10 எம்பி டிஸ்க்கோடு வந்த பிசி எக்ஸ்டி கணினியின் டாஸில் எஃப்டிஸ்க் என்று ஒரு கட்டளை இருந்ததே, அதன் ‘எஃப்’ இந்த ஃபிக்ஸ்டு. தமிழில் இரண்டு வழக்குகளும் அப்படியே பதிந்திருக்கின்றன. ‘நிலைவட்டு’ என்பவர் ஐபிஎம்மின் பேச்சைப் பேசுகிறார். ‘வன்தட்டு’ என்பவர் மற்ற உலகத்தின் பேச்சை.

இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒரு பெயரும் இருந்தது. 1973இல் வந்த ஐபிஎம் 3340 டிஸ்க்கை, தலா 30 எம்பி கொண்ட இரண்டு அலகுகளாகத்தான் முதலில் திட்டமிட்டார்கள். முப்பது-முப்பது என்றதும் திட்டத் தலைவர் கென்னத் ஹாட்டனுக்கு 30-30 தோட்டா போடும் வின்செஸ்டர் துப்பாக்கி நினைவுக்கு வந்தது. அந்த உள்வட்டப் பெயர் வெளியே பரவி, முனையும் தட்டும் ஒரே உறைக்குள் அடைபட்ட டிஸ்க் வகைக்கே வின்செஸ்டர் என்று நிலைத்தது. ஆங்கிலம் அதை மறந்துவிட்டது. ரஷ்யர்கள் இன்றும் ஹார்ட் டிஸ்க்கை ‘வின்செஸ்டர்’ என்பார்கள். பேச்சில் சுருக்கி ‘வின்ட்’.

இரண்டாம் பாதியான ‘பார்ம்’ இன்னும் பழையது. கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் பக்கத்தில். ‘மெட்ரான்’ என்றால் அளவு. 17ஆம் நூற்றாண்டின் முன்பாதியில் பிரெஞ்சுக் கணிதர் குளோட் மிதோர்ஜ், கூம்பு வெட்டு வளைவுகளைப் பற்றி எழுதும்போது இவ்விரண்டும் சேர்ந்த லத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். பரவளையத்தின் அகலத்தைத் தீர்மானிக்கும் ஒரு கோட்டின் நீளத்துக்கு அது பெயர். அந்த ஓர் எண்ணைச் சொன்னால் வளைவின் முழு வடிவமும் முடிவாகிவிடும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கணக்குப் புத்தகம் இதைத் ‘துணையலகு’ என்கிறது. பாராவுக்குத் துணை, மெட்ரானுக்கு அலகு என்று வேரறிந்து ஆக்கிய நல்ல சொல். கணினி அறிவியல் பாடத்திலோ அதே சொல் ‘அளபுரு’ ஆகிவிடுகிறது. ஒரே மாணவர் அடுத்தடுத்த வகுப்பில் இரண்டையும் படிக்கிறார்; இரண்டும் ஒரே சொல்தான் என்று அவருக்குச் சொல்வாரில்லை. ‘பார்ம்’ என்ற குறுக்கத்தை ஐபிஎம்மின் பெருங்கணினிகள் 1960களிலேயே பழக்கிவிட்டன: நிரல் ஒன்றை இயக்கச் சொல்லும் கட்டளை அட்டையில் அதற்கான குறிப்புகளைத் தரும் இடத்துக்கே அந்தப் பெயர்.

டோர்வால்ட்ஸ் எழுதிய வரியில் பாராமீட்டர் ஏறக்குறைய மிதோர்ஜின் பொருளில்தான் நின்றது: பொருளின் வடிவத்தைச் சொல்லும் அளவு. 1980களின் தொடக்கத்து டிஸ்க்குக்குத் தன்னைப் பற்றி எதுவும் சொல்லத் தெரியாது. அதைக் கட்டுப்படுத்தும் மின்னணு கணினிக்குள் தனி அட்டையில் இருந்தது. எத்தனை முனை, எத்தனை உருளை என்று வெளியிலிருந்துதான் சொல்லித் தர வேண்டும். 1986 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல், சிடிசி, காம்பாக் நிறுவனங்கள் அந்த மின்னணுவைத் தூக்கி டிஸ்க்கின் மேலேயே வைத்தன. ஐடிஇ என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு 1994இல் ஏடிஏ என்ற தரமானது. இதில் கணினி ஒரு கேள்வி கேட்டால் போதும். டிஸ்க் 512 பைட்டில் தன் மாடல், வரிசை எண், கொள்ளளவு, திறமைகள் எல்லாவற்றையும் ஒப்பிக்கும்.

சொல்லின் பொருள் புரண்ட இடம் இதுதான். அளவைச் சொல்வது டிஸ்க்கின் வேலையாகிவிட்டது. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று டிஸ்க்குக்குச் சொல்வதுதான் இப்போது பாராமீட்டர். இரண்டு காலத்தையும் தெரிந்த ஒருவர் கையில் ஹெச்டிபார்ம் உருவானது. லினக்ஸின் ஐடிஇ டிரைவரை வளர்த்துப் பராமரித்த மார்க் லார்ட் எழுதியது அது. கட்டளையோடு ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஐ’ கொடுத்தால் டிஸ்க்கின் வாக்குமூலம் திரையில் வரும். மற்ற எழுத்துகளில் பல, ஆணைகள்.

1990களின் இறுதியில் லினக்ஸ் நிறுவியவர்கள் முதலில் தட்டிய ஆணை டிஎம்ஏவை இயக்கும் சின்ன ‘டி’. அது இல்லாதபோது டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு தரவுத் துணுக்கையும் பிராசசரே சுமந்து நினைவகத்தில் வைக்க வேண்டும். அந்த முறையின் உச்சமான பிஐஓ 4இன் எல்லை வினாடிக்கு 16.6 எம்பி. அல்ட்ரா டிஎம்ஏவில் அது 33, பிறகு 66 என்று ஏறியது, பிராசசரும் வேறு வேலை பார்க்கலாம். ஒரே வரியில் கணினி சுறுசுறுப்பாவதைக் கண்டவர்கள் வாயில் இந்தக் கருவியின் பெயர் நிலைத்ததில் வியப்பில்லை.

எண்ணையும் நேரத்தையும் இணைக்கும் பெரிய ‘எஸ்’தான் இந்தக் கருவியின் மிக அழகான மூலை. எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் தட்டு சுழல்வதை நிறுத்த வேண்டும் என்பது அது. எட்டு பிட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும். எனவே 1 முதல் 240 வரை ஒவ்வொன்றுக்கும் 5 வினாடி. 240 என்றால் 20 நிமிடம். 241இலிருந்து அரை மணிக் கணக்கு தொடங்குகிறது. 242 ஒரு மணி நேரம், 251 ஐந்தரை மணி நேரம். 252 என்றால் திடீரென்று 21 நிமிடம். 255 என்றால் 21 நிமிடம் 15 வினாடி. 0 என்றால் நிறுத்தவே வேண்டாம். கருவியை எழுதியவர் இந்தப் பட்டியலை அப்படியே நம் கையில் கொடுத்துவிட்டார், மேல்பூச்சு எதுவும் பூசவில்லை. அந்த முடிவு சரியானது. டிஸ்க்குக்குள் உண்மையில் போகும் எண் எதுவோ, அதையே பயனரும் பார்க்கிறார்.

பெரிய ‘பி’ மின்சிக்கனத்தின் அளவு: 1 முதல் 127 வரை தட்டு நிற்கலாம், 128 முதல் 254 வரை நிற்காது, 255 அந்த வசதியையே அணைக்கும். 2007இல் உபுண்டு பயனர்களிடையே இந்த எழுத்து பெரிய விவாதமானது. சில மடிக்கணினி டிஸ்க்குகள் சிக்கனத்துக்காக முனைகளை ஓயாமல் ஓரங்கட்டிக்கொண்டே இருந்தன. அவ்வகை டிஸ்க்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் குறித்த ஆயுள் 6 லட்சம் ஓரங்கட்டல். நிமிடத்துக்கு இரண்டு முறை என்றால், இரவு பகலாக ஓடும் கணினியில் 208 நாளில் கணக்கு தீர்ந்துவிடும். பரிந்துரைக்கப்பட்ட மருந்து: பெரிய ‘பி’, 254. ஆனால் மின்சாரம் போனால் இந்த அமைப்பும் போய்விடும். டெபியனிலும் உபுண்டுவிலும் ஹெச்டிபார்முக்கென்று ஓர் அமைப்புக் கோப்பு இருப்பது அதனால்தான்.

ஆபத்தான வேலைகளுக்கு ஒற்றை எழுத்து போதாது. ஒரு துண்டை அழித்து எழுதும் ஆணையோடு ‘ஆம், நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்’ என்பதை நீண்ட ஆங்கில வாக்கியமாகவே தட்ட வேண்டும். டிஸ்க்கின் உள் மென்பொருளை மாற்றவோ அதனுடன் ‘தயவுசெய்து என் டிரைவை அழித்துவிடு’ என்பதும் சேர வேண்டும். விரல் தானாகத் தட்டிவிட முடியாத நீளம். ஆம், இல்லை என்று கேட்கும் பெட்டிகளைவிட இது பொறுப்பானது.

பெயரின் அடியில் பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. லினக்ஸில் ஹெச்டிஏ, ஹெச்டிபி என்று இருந்த டிஸ்க்குகள் 2007ஐ ஒட்டி எஸ்டிஏ, எஸ்டிபி ஆயின. எஸ்டி என்பது ஸ்கஸி டிஸ்க்குகளுக்கு உரிய பெயர். மார்க் லார்ட் வளர்த்த பழைய ஐடிஇ டிரைவர் 2021இல், லினக்ஸ் 5.14இல் நீக்கப்பட்டது. சாட்டா எஸ்எஸ்டிக்குள் தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை. இருந்தும் அதை முற்றாகத் துடைக்கும் ஆணையை அனுப்ப இன்றும் ஹெச்டிபார்ம்தான் கைக்கு வருகிறது. ஸ்கஸி உலகத்துக்கு டக்ளஸ் கில்பர்ட் எழுதிய இணைக் கருவியின் பெயர் எஸ்டிபார்ம்: அங்கே ‘பார்ம்’ தனியாகக் கழன்று ஒரு விகுதியாகிவிட்டது. என்விஎம்இ டிரைவ்கள் வந்தபோது அந்த விகுதியும் தொடரவில்லை. அவற்றுக்கான கருவிக்கு வைத்த பெயர் வெறும் என்விஎம்இ சிஎல்ஐ.