பாமியானில் யுவான் சுவாங் பார்த்த மூன்று புத்தர்கள்

யுவான் சுவாங் என்றதும் பெரும்பாலானவர்களுக்குப் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். முதுகில் ஏட்டுச் சுவடிகள் அடுக்கிய கூடையோடு நடந்துபோகும் ஒரு துறவியின் படம். "ஹர்ஷர் காலத்தில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யார்?" என்று ஒரு கேள்வி. விடை எழுதினால் ஒரு மதிப்பெண். அதோடு ஆளை மறந்துவிடலாம்!

ஆனால் அந்த மனிதர் இந்தியாவுக்குள் நுழைவதற்கு முன்பே பார்த்த ஓர் இடம் உண்டு. இன்றைய ஆப்கானிஸ்தானில், காபூலுக்கு வடமேற்கே சுமார் 130 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 2500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாமியான் பள்ளத்தாக்கு. 2001 மார்ச்சில் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்தார்களே, அந்தப் பெரிய புத்தர் சிலைகள் இருந்த இடம். அந்தச் சிலைகளை நேரில் பார்த்து எழுதியவர்களில், இன்று நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி யுவான் சுவாங்தான். அவர் எழுதியது சில வரிகள் மட்டுமே. அந்தச் சில வரிகளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

யுவான் சுவாங் சீனாவை விட்டுக் கிளம்பியதே ஒரு திருட்டுப் பயணம். தாங் பேரரசில் எல்லை தாண்டிப் போக அப்போது தடை இருந்தது. அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. சீனத்தில் இருந்த பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. மூலத்தையே தேடிப் போய்ப் படித்தால்தான் சந்தேகம் தீரும் என்பது அவர் பிடிவாதம். பகலில் ஒளிந்து, இரவில் நடந்து எல்லையைத் தாண்டினார். பாலைவனம், தியான்ஷான் மலை, சாமர்கண்ட், பால்க் என்று சுற்றி, கி.பி. 630 வாக்கில் இந்துகுஷ் மலைத்தொடரைக் கடந்து பாமியானுக்கு வந்து சேர்ந்தார்.

சாமர்கண்டிலிருந்து நேராகக் கிழக்கே திரும்பாமல் இப்படித் தெற்கே ஏன் இறங்கினார்? வணிகர்கள் போன வழி அதுதான். மத்திய ஆசியாவிலிருந்து இந்தியாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கூட்டங்கள் இந்துகுஷ் மலையின் பனிக் கணவாய்களைத் தாண்டுவதற்கு முன்னும் பின்னும் தங்கி மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம் பாமியான். மலையைக் கடப்பது உயிர் போகிற காரியம். உயிரோடு வந்து சேர்ந்தவன் காணிக்கை போடுவான், கிளம்பப் போகிறவன் வேண்டிக்கொள்வான். இங்குள்ள தெய்வங்கள் வணிகர்களுக்குச் சகுனம் காட்டும் என்று மக்கள் நம்பியதை யுவான் சுவாங்கும் எழுதி வைத்திருக்கிறார். பூவும் பழமும் அதிகம் விளையாத குளிர்ப் பிரதேசம், கம்பளியும் தோலும் உடுத்தும் முரட்டு ஜனங்கள், ஆனால் பக்தியில் அக்கம்பக்கத்து நாட்டாரை மிஞ்சியவர்கள் என்பது அவர் கணிப்பு. பல பத்து மடங்கள், பல ஆயிரம் துறவிகள் என்றும் கணக்குச் சொல்கிறார்.

அரசரே வந்து வரவேற்று அரண்மனைக்கு அழைத்துப் போனாராம். ஊரைச் சுற்றிக் காட்டியவர்கள் ஆர்யதாசர், ஆர்யசேனர் என்ற இரண்டு துறவிகள். அவ்வளவு தூரத்துச் சீனாவில் இப்படிப் படித்த ஒரு துறவியா என்று அவர்களுக்கு ஆச்சரியம். (வழிகாட்டியாக வந்தவர்களின் பெயர்கள் 1400 ஆண்டுகள் கழித்தும் தெரிகின்றன. சிலையைச் செதுக்கியவர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது.)

சரி, சிலைகளுக்கு வருவோம். யுவான் சுவாங் மூன்று சிலைகளைக் குறிப்பிடுகிறார்.

முதலாவது, நகருக்கு வடகிழக்கே மலைச்சரிவில் கல்லில் நிற்கும் புத்தர். உயரம் 140 அல்லது 150 சீன அடி. பொன்னிறம் பளபளக்கிறது, மணிகள் கண்ணைப் பறிக்கின்றன. இரண்டாவது, அதற்குக் கிழக்கே ஒரு மடம், அதையும் தாண்டி 100 அடிக்கு மேல் உயரமுள்ள உலோகப் புத்தர். பகுதி பகுதியாக வார்த்து ஒன்றாக இணைத்தது என்கிறார். மூன்றாவது, நகருக்குக் கிழக்கே ஒரு மடத்தில், பரிநிர்வாண நிலையில் படுத்திருக்கும் புத்தர். நீளம் 1000 அடிக்கும் மேல்!

தாங் காலத்துச் சீன அடி ஏறக்குறைய 30 செ.மீ. ஆகவே முதல் சிலை அவர் கணக்கில் 42 முதல் 45 மீட்டர். உண்மையில் அது 55 மீட்டர், இன்றைய கட்டிடக் கணக்கில் பதினெட்டு மாடி உயரம். அதாவது பயணிகள் வழக்கமாகச் செய்வது போல் அவர் மிகைப்படுத்தவில்லை, குறைத்துச் சொல்லியிருக்கிறார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 1000 அடிச் சிலையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இரண்டாவது சிலையில் அவர் தடுமாறிவிட்டார். பெரிய சிலைக்குக் கிழக்கே இருந்த 38 மீட்டர் புத்தர் உலோகமே அல்ல. அதுவும் அதே மலைப்பாறையில் குடைந்ததுதான். அப்படியானால் ஒரு துறவி, அதுவும் விவரங்களில் இவ்வளவு கறாரான ஆள், கல்லைப் பார்த்து உலோகம் என்று எப்படி நினைத்தார்?

விடை அந்தச் சிலைகளைச் செய்த விதத்தில் இருக்கிறது. பாமியான் மலை கருங்கல் அல்ல. கூழாங்கற்களும் மணலும் இறுகிப்போன ஒருவகைக் கூட்டுப்பாறை. அதில் உளி வைத்து நுணுக்கமாக எதையும் செதுக்க முடியாது, கூழாங்கல் பெயர்ந்து வந்துவிடும். அதனால் உடம்பின் உருவத்தை மட்டும் பாறையில் குடைந்துவிட்டு, மற்றதையெல்லாம் களிமண்ணால் செய்தார்கள். மண்ணோடு வைக்கோல், மயிர் போன்றவற்றைக் கலந்து பிசைந்து பூசினார்கள். பெரிய சிலையின் ஆடை மடிப்புகளுக்குப் பாறையில் மரமுளைகளை அடித்து, கயிறு கட்டித் தொங்கவிட்டு, அந்தக் கயிற்றின் மேல் மண்பூச்சு. அதற்கு மேல் வண்ணம். கீழே நின்று பார்க்கிறவன் கண்ணுக்குப் பாறையே தெரியாது. நன்றாக மெருகேற்றிப் பொன்வண்ணம் பூசியிருந்தால் யாராக இருந்தாலும் உலோகம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். முகங்களின் மேல்பகுதி தட்டையாக வெட்டப்பட்டிருந்ததைப் பார்த்து, அங்கே மரச்சட்டத்தில் உலோகத் தகடு போர்த்திய முகமூடி பொருத்தியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

இந்த மண்பூச்சுதான் பின்னாளில் பெரிய உதவி செய்தது. பாறைக்கு வயது கணக்கிட்டுப் பிரயோஜனமில்லை. ஆனால் வைக்கோலுக்குக் கார்பன் முறையில் வயது பார்க்கலாம். சிலைகள் தகர்ந்த பிறகு, கீழே விழுந்த துண்டுகளை மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். சிறிய சிலை கி.பி. 544-க்கும் 595-க்கும் இடையில். பெரிய சிலை 591-க்கும் 644-க்கும் இடையில்.

யுவான் சுவாங் அங்கே நின்ற ஆண்டு 630 வாக்கில்!

அவர் பார்த்தது பழைய புராதனச் சின்னம் அல்ல என்று இதனால் தெரிகிறது. பெரிய சிலை அப்போது ஒரு தலைமுறை வயதுகூட ஆகாத புத்தம்புதுச் சிலை. சாரம் பிரித்தே சில வருடங்கள்தான் ஆகியிருக்கலாம். ஆகவே அந்தப் பொன்னும் மணியும் வர்ணனைக்காக எழுதியவை என்று ஒதுக்கிவிட முடியாது. பூசிய பொன் உதிர்வதற்கு முன்பே வந்துவிட்ட பயணி அவர். பிறகு வந்த எவருக்கும் அந்தக் காட்சி கிடைக்கவில்லை.

அதே ஆய்வில் வண்ணங்களைப் பற்றியும் தெரியவந்தது. மேலங்கியின் உட்புறம் கருநீலம், வெளிப்புறம் முதலில் இளஞ்சிவப்பு, பிறகு ஆரஞ்சு. இன்னும் பிற்பாடு பெரிய சிலைக்குச் சிவப்பும் சிறிய சிலைக்கு வெள்ளையும் பூசியிருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இஸ்லாமியர் காலத்து எழுத்தாளர்கள் இந்தச் சிலைகளைச் சுர்க்பத், கிங்பத் என்று அழைத்தார்கள். சிவப்புச் சிலை, வெளிர்சாம்பல் சிலை என்று பொருள். வண்ணமெல்லாம் போய் மொட்டைப் பாறையாக நின்ற காலத்தில் இந்தப் பெயர்கள் ஏன் வந்தன என்று புரியாமல் இருந்தது. பெயர் சரிதான் என்று கடைசியில் ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டது.

பாமியானில் யுவான் சுவாங்கை அசத்தியது சிலைகள் மட்டுமல்ல. அரசர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் தானவிழாவைப் பற்றியும் எழுதுகிறார். கஜானா, மனைவி, மக்கள் எல்லாவற்றையும் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தன்னையே கொடுத்துவிடுவாராம் ராஜா. பிறகு மந்திரிகள் போய்த் துறவிகளிடம் பேசி, விலை கொடுத்து அரசரை மீட்டுக்கொண்டு வருவார்களாம். பக்தி பாதி, நாடகம் பாதி என்று இன்றைக்கு வாசிக்கும்போது தோன்றலாம். ஆனால் அந்த வறண்ட பள்ளத்தாக்கில் 55 மீட்டர் சிலைக்குப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதற்கு இதுவும் ஒரு துப்பு. வணிகர்களின் காணிக்கை அரசருக்கு, அரசரின் தானம் மடத்துக்கு, மடத்திலிருந்து மலைக்கு.

பதினைந்து நாள் தங்கிவிட்டு யுவான் சுவாங் கிளம்பினார். இரண்டாம் நாளே பனிப்பொழிவில் வழி தவறிவிட்டது. வேட்டைக்காரர்கள் சிலர் பார்த்து வழிகாட்டியிராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதன் பிறகுதான் நாலந்தா, ஹர்ஷர், காஞ்சிபுரம் எல்லாம். (காஞ்சியிலிருந்து கப்பல் ஏறி இலங்கைக்குப் போக நினைத்தார். அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று அங்கிருந்து தப்பி வந்த துறவிகளே சொன்னதால் போகவில்லை.) 645-ல் 657 நூல்களோடு சீனா திரும்பினார். அடுத்த ஆண்டு பேரரசருக்காகப் பயண நூல் எழுதி முடிக்கப்பட்டது.

அவருக்கு நூறு ஆண்டு கழித்து, 727 வாக்கில், ஹைச்சோ என்ற கொரியத் துறவி பாமியான் வழியாகப் போனார். ராஜா யார், படை எவ்வளவு பலம், ஜனங்கள் என்ன உடுத்துகிறார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். அவர் நூலில் இன்று கிடைத்திருக்கும் பகுதியில் சிலைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! பதினெட்டு மாடி உயரச் சிலையை ஒருவர் எழுதாமல் விடுவாரா என்று கேட்கலாம். விட்டிருக்கிறார். ஒரு பயணி எழுதவில்லை என்பதற்காக ஒரு பொருளே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1221-ல் செங்கிஸ்கான் வந்தார். முற்றுகையில் அவருடைய பேரன் இறந்துபோக, பழிவாங்க ஊரையே அழித்தார். சிலைகளைத் தொடவில்லை. அதற்குள் பௌத்தம் அங்கே மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பிற்கால ஹசாரா மக்களுக்கு அவை புத்தர்களும் அல்ல. சல்சல், ஷாமாமா என்ற காதலர்கள். 1832-ல் அங்கே போன அலெக்சாண்டர் பர்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரியும் ஆண் சிலை, பெண் சிலை என்ற கதையைத்தான் கேட்டார். அதே காலத்தில் போன சார்லஸ் மாஸன் பெரிய சிலைக்கு மேலே இருந்த குகையில் தன் பெயரைக் கிறுக்கிவிட்டு வந்தார். (சுவரில் பெயர் எழுதும் வியாதி எல்லா நாட்டுச் சுற்றுலாவாசிக்கும் உண்டு போலிருக்கிறது.) 1934-ல் போன ராபர்ட் பைரன் என்ற எழுத்தாளருக்குச் சிலைகள் பிடிக்கவேயில்லை. அவர் பார்த்ததோ பொன்னும் வண்ணமும் முகமும் போன வெறும் பாறை. யுவான் சுவாங் பார்த்ததும் பைரன் பார்த்ததும் ஒரே சிலை என்று சொல்வதுகூடச் சரியா என்று தெரியவில்லை.

1969 முதல் சில ஆண்டுகள் இந்தியத் தொல்லியல் துறை அங்கே போய்ச் சிலைகளையும் ஓவியங்களையும் சீர்படுத்தியது. சிறிய சிலையின் தலைக்கு மேல் மாடத்தில் குதிரைகள் பூட்டிய தேரில் சூரியதேவன் வரும் ஓவியம் அப்போது இருந்தது. 2001-ல் முல்லா ஓமரின் உத்தரவுக்குப் பிறகு சிலைகளோடு அதுவும் போயிற்று. பீரங்கியால் சுட்டுப் பார்த்தும் விழாததால், உள்ளூர் ஆட்களையே கயிற்றில் இறக்கித் துளைகளில் வெடிமருந்து வைக்கச் செய்தார்கள். வேலை முடியப் பல நாட்கள் ஆயிற்று.

2003-ல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2015-ல் ஒரு சீனத் தம்பதியர் வந்து, காலியான மாடத்தில் ஒளியால் பெரிய புத்தரை நிற்கவைத்துக் காட்டினார்கள். 2021-ல் ஆட்சிக்குத் திரும்பிய தாலிபான்கள் அதே மாடத்தைப் பார்க்க நுழைவுச்சீட்டு விற்றார்கள். 2024 மே மாதம் பாமியான் நகரில் துப்பாக்கிச்சூட்டில் ஸ்பெயினிலிருந்து வந்த மூன்று பயணிகள் உயிரிழந்தார்கள்.

மூன்றாவது புத்தர்? 19-ம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் யுவான் சுவாங்கின் நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வட இந்தியாவில் பல பௌத்த இடங்களை அடையாளம் கண்டார். ஆகவே 1000 அடி என்று அவர் சொன்னதைப் புளுகு என்று தள்ளிவிட ஆராய்ச்சியாளர்களுக்கு மனம் வரவில்லை. 300 மீட்டர் நீளம் என்றால் அது மண்மேட்டின் மேல் எழுப்பியதாக இருக்கலாம், அல்லது எண்ணை யாரோ படியெடுக்கும்போது தவறாக எழுதியிருக்கலாம். ஆப்கானியத் தொல்லியலாளர் செமர்யாலாய் தர்ஸி பல ஆண்டுகள் தோண்டிப் பார்த்தார். 2008-ல் ஒரு சயனப் புத்தர் சிதைந்த நிலையில் கிடைத்தார். கழுத்து, தோள் என்று துண்டு துண்டாக. அளந்து பார்த்ததில் முழு நீளம் 19 மீட்டர்தான். அது யுவான் சுவாங் சொன்ன சிலை அல்ல, அவர் குறிப்பிடாமல் விட்ட நான்காவது.