இருநூறு ரூபாய் அபராதம்

கோவளம் தர்காவுக்குப் போய்வருகிறவர்களில் பலருக்கு ஏர்வாடியும் தெரிந்திருக்கும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் அங்குள்ள தர்காவுக்கு நோயாளிகளை அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். மாதக்கணக்கில் கூடவே தங்க எந்தக் குடும்பத்தால் முடியும்? அதனால் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் தர்காவைச் சுற்றி முளைத்தன. பல இடங்களில் சிகிச்சை என்று இருந்தது ஓலைக் கொட்டகையும் சங்கிலியும்தான்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அப்படி ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டவர்களால் ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் இறந்துபோனார்கள்.

சட்டமே இல்லாமல் நடந்ததா என்றால், இல்லை. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993 ஏப்ரலிலேயே அமலுக்கு வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் மனநோயாளிகளுக்கான மருத்துவமனையோ இல்லமோ நடத்தக் கூடாது, அதிகாரிகள் நேரில் போய்ச் சோதிக்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. மீறினால் என்ன தண்டனை? அதிகபட்சம் 3 மாதச் சிறை, அல்லது 200 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் 6 மாதம் அல்லது 1,000 ரூபாய், அல்லது இரண்டும். (1987 விலைவாசியிலேயே 200 ரூபாய்க்கு யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.)

தீ விபத்து நடந்த ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, ஏர்வாடியில் இருந்த இப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். ஒரு வாரத்தில் முடிந்த வேலை அதற்கு முந்தைய எட்டு வருடங்களில் ஏன் முடியவில்லை என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, நாடு முழுக்க இத்தகைய இடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னது. காப்பகத்தை நடத்தியவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் 2007இல் 7 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. உரிமம் இல்லாத குற்றத்துக்கு மட்டும் வழக்கு போட்டிருந்தால் மூன்றே மாதம்தான்.

பழைய சட்டத்துக்குப் பதிலாக 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் முதல் அமலில் இருக்கிறது. பதிவு செய்யாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை, தொடர்ந்து மீறினால் 5 லட்சம் வரை அபராதம். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது என்று 95ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அதை முதல் முறை மீறுகிறவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறை வேண்டாம், அபராதம் போதும் என்று நீதிமன்றம் நினைத்தால், பதிவுத்தாள் இல்லாததற்குக் கட்டுவதைவிட மனிதனைக் கட்டிப்போட்டதற்குக் கட்டுவது குறைவாகவே இருக்கலாம்.