நாட்டிங் ஹில்லின் நெப்போலியன்

வேடிக்கைக்காக ஒருவர் இட்ட ஆணையை மற்றொருவர் மெய்யென நம்பி, அதற்காக உயிரையும் கொடுக்கத் துணிந்தால் என்ன நேரும்? ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் புதினத்தின் கரு இவ்வினாவேயாகும்.

செஸ்டர்டன் 1874இல் இலண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவின் பூவர் குடியரசுகள் இரண்டையும் பிரிட்டன் 1899 முதல் 1902 வரை போரிட்டு விழுங்கியபோது, நாடே வெற்றிக் களிப்பில் மிதந்தது. அவரோ அப்போரை வெளிப்படையாக எதிர்த்தார். சிறிதாயிருக்கும் காரணத்தாலேயே ஒரு நாடு அழிந்துபடவேண்டும் என்பது நீதியன்று என்றார். அக்கருத்தையே தாம் பிறந்த தெருக்களில் வைத்துக் கதையாக்கினார்.

கதை நிகழ்வது எண்பது ஆண்டுகள் கழித்து, 1984இல். புதுமைப் பொறிகள் எவையும் அதில் இல்லை. எரிவாயு விளக்கும் குதிரை வண்டியுமே உள்ளன. அரசரைக்கூடப் பட்டியல் பார்த்து முறைவைத்தே அமர்த்துகிறார்கள். அவ்வாறு அரசரான ஆபரன் குவின் என்னும் நகைச்சுவைப் பிரியர், இலண்டனின் ஒவ்வொரு வட்டாரமும் கொடியும் மதிலும் காவலரும் கொள்ளவேண்டுமென விளையாட்டாகக் கட்டளையிடுகிறார்.

பின்னர், நாட்டிங் ஹில்லின் பம்ப் தெருவை இடித்துப் பெருஞ்சாலை போட வணிகர் முனைகின்றனர். ஆடம் வேய்ன் என்னும் இளைஞன் மறுத்து வாளெடுக்கிறான். அவனுக்கு அவ்வாணை வேடிக்கையன்று. பொம்மைக் கடைக்காரர் போர்த்திட்டம் வகுக்கிறார். தெருவிளக்குகளை அணைத்து இருளில் பகைவரை வெல்கின்றனர். இறுதியில், நீர்க்கோபுரத்தைத் திறந்து வெள்ளத்தில் ஆழ்த்துவதாக வேய்ன் எச்சரிக்கவே, பகைவர் பணிகின்றனர்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் வீரகாதையே. இருபது ஆண்டுகளில் நாட்டிங் ஹில்லே பேரரசாகி அண்டை வட்டாரங்களை அடக்குகிறது. அவை கிளர்ந்தெழ, வேய்ன் போர்க்களத்தில் வீழ்கிறான். பூவர்களுக்காகப் பரிந்து பேசிய நூலாசிரியர், வென்ற சிறியோருக்கும் அதே அளவுகோலை வைத்தது நோக்கத்தக்கது.

1909இல் செஸ்டர்டன், இந்தியர் வேண்டும் விடுதலை ஆங்கிலேய முறையின் நகலாக இராமல் இந்தியத் தன்மையதாக இருக்கவேண்டுமென எழுதினார். அவ்வேளை இலண்டனிலிருந்த காந்தியடிகள் அதனைப் படித்துத் தம் இதழில் எடுத்துக்காட்டினார். அவ்வாண்டு இறுதியிலேயே 'இந்திய சுயராஜ்யம்' எழுதினார்.

தன் தெருவை நேசிப்பவன் பிறர் தெருவையும் மதித்தல் வேண்டும். வேய்னின் ஊரார் அதை மறந்தனர், ஊரையும் இழந்தனர்.